நடுத்தர பிக்கப் டிரக் எவ்வளவு எடையை இழுக்கும்? உங்கள் வண்டிக்கான எண்ணை நீங்களே கணக்கிடும் முறை

நடுத்தர அளவுள்ள பிக்கப் டிரக் ஒன்றின் விளம்பரத் தாளில் "3,500 கிலோ வரை இழுக்கும்" என்று அச்சிட்டிருந்தால், அந்த எண் பெரும்பாலும் உண்மையானதே. ஆனால், அது எப்படிப்பட்ட வண்டிக்கு உண்மை என்று கேட்க வேண்டும். ஓட்டுநரும் பக்கத்தில் இன்னொருவரும் மட்டும் அமர்ந்திருக்க, பின்தளம் காலியாகவும் கூடுதல் உபகரணம் எதுவும் பொருத்தப்படாமலும் இருக்கும் வண்டிக்கு அது பொருந்தும். குடும்பத்தை ஏற்றி, பின்தளத்துக்கு மூடி போட்டு, கருவிப்பெட்டியையும் வைத்துக்கொண்டு புறப்படும் வண்டியின் இழுதிறன் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு குறைவு என்பதைக் கணக்குப் போட்டால்தான் சொல்ல முடியும். அந்தக் கணக்கோ பள்ளிக்கூடக் கூட்டல், கழித்தல், வகுத்தலுக்கு மேல் போவதில்லை. அதற்கு வேண்டிய எண்கள் எங்கே கிடைக்கும் என்பதும், அவற்றுள் எது முதலில் நம் கையைக் கட்டும் என்பதும் தெரிந்தால் போதும்.

முதலில் சந்தையில் சொல்லப்படும் எண்களைப் பார்த்துவிடலாம். வட அமெரிக்காவில் விற்கும் நடுத்தர பிக்கப்களில் ஹோண்டா ரிட்ஜ்லைன் அதிகபட்சமாக 5,000 பவுண்டும், இன்றைய தலைமுறை டொயோட்டா டகோமா 6,500 பவுண்டும், ஃபோர்டு ரேஞ்சர் 7,500 பவுண்டும், செவ்ரோலெட் கொலராடோ 7,700 பவுண்டும் இழுக்கும் என்று அறிவிக்கப்பட்டுள்ளன. ஆஸ்திரேலியா, ஐரோப்பா போன்ற இடங்களில் விற்கும் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர் ஆகியவற்றின் உயர்வகைகளுக்கு, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,500 கிலோ என்பது வழக்கமான எண். 7,700 பவுண்டு ஏறத்தாழ 3,490 கிலோ ஆகும் என்பதால், கண்டங்கள் வேறானாலும் இந்த வகை வண்டிகளின் உச்சம் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் காணலாம்.

ஆயினும், ஒரே பெயரில் விற்கும் வண்டிகள் எல்லாம் ஒரே அளவு இழுப்பதில்லை. கொலராடோவிலேயே கரடுமுரடான பாதைக்கென உயரம் கூட்டி, பெரிய டயரும் நீண்ட பயணமுள்ள சஸ்பென்ஷனும் கொடுக்கப்பட்ட இசட்ஆர்2 வகையின் வரம்பு 6,000 பவுண்டுதான். அதாவது பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும் வண்டி, அதன் சாதுவான உடன்பிறப்பைவிட 1,700 பவுண்டு குறைவாக இழுக்கிறது. கேபின் இரண்டு கதவா நான்கு கதவா, இருசக்கர இயக்கமா நான்கு சக்கர இயக்கமா, பின் அச்சின் பல்சக்கர விகிதம் எவ்வளவு, தொழிற்சாலையிலேயே டிரெய்லர் தொகுப்பு பொருத்தப்பட்டதா என்பவை எல்லாம் எண்ணை மாற்றும். எனவே விளம்பரத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, உங்கள் வகைக்கும் எஞ்சினுக்கும் உரிய எண்ணைக் கையேட்டின் அட்டவணையில் தேடி எடுப்பதே முதல் வேலை.

இந்த எண்களை நிறுவனங்கள் எப்படி வரையறுக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கச் சந்தையில் ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவுகோல் வைத்திருந்தது. பின்னர் வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு ஜே2807 என்ற பொது விதிமுறையை வெளியிட்டது. அதன்படி, அரிசோனாவில் டேவிஸ் அணையிலிருந்து மேலேறும் 11.4 மைல் நீளமுள்ள மலைச்சாலையில், வெயில் குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது, ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, வண்டி தன் வரம்பு எடையை இழுத்துக்கொண்டு மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். சமதளத்தில் நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை 30 வினாடிக்குள் எட்ட வேண்டும். 12 சதவீதச் சரிவில் நிறுத்தி மீண்டும் கிளப்ப வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அதில் வண்டிக்குள் ஏற்றப்படுவது தலா 150 பவுண்டு, அதாவது சுமார் 68 கிலோ எடையுள்ள இருவர் மட்டுமே. அந்த இருவருக்கு மேல் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் டிரெய்லரின் கணக்கிலிருந்து கழிகிறது.

தேட வேண்டிய எண்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒரு தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். வண்டியின் எடை பற்றிய பேச்சு முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் எண் வெற்று எடை. எண்ணெய், குளிர்நீர், எரிபொருள் ஆகியவை நிரம்பி, ஆளும் பொருளும் ஏறாத வண்டியின் எடை இது. நாட்டுக்கு நாடு இதை அளக்கும் விதத்தில் சிறு வேறுபாடு உண்டு என்பதால், இதைத் தாளில் படிப்பதைவிட எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பதே மேல்.

இரண்டாவது, மொத்த வாகன எடை வரம்பு. தாள்களில் இது ஜிவிஎம் என்றோ ஜிவிடபிள்யூஆர் என்றோ காணப்படும். ஆட்கள், பொருள்கள், பொருத்திய உபகரணங்கள், டிரெய்லரை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சின்மீது டிரெய்லர் அழுத்தும் எடை என எல்லாம் சேர்ந்து வண்டியின் சக்கரங்கள் தாங்கும் எடை இதைத் தாண்டக் கூடாது. இதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் பேலோடு எனப்படும் சுமையளவு. அமெரிக்கச் சந்தை வண்டிகளின் டயர் ஒட்டுத்தாளில், பயணிகளும் பொருள்களும் சேர்ந்து இத்தனை கிலோவை அல்லது இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று இந்த எண் நேரடியாகவே தரப்பட்டிருக்கும்.

மூன்றாவது, கூட்டு எடை வரம்பு. ஜிசிஎம் அல்லது ஜிசிடபிள்யூஆர். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து சாலையில் போகும்போது மொத்த எடை எவ்வளவு இருக்கலாம் என்பதை இது சொல்கிறது. எஞ்சின், கியர்பெட்டி, குளிர்விப்பான், பிரேக் ஆகியவற்றின் தாங்குதிறன் எல்லாம் இந்த ஒரே எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. விளம்பரங்களில் இதை மிக அரிதாகவே காணலாம். கையேட்டின் பின்பக்கங்களில் தேட வேண்டியிருக்கும். என் கணிப்பில், பிக்கப் வாங்குபவர் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய எண் இதுதான்.

நான்காவது, ஒவ்வோர் அச்சுக்கும் உரிய எடை வரம்பு. இதில் பின் அச்சின் எண் மிகவும் முக்கியம். ஐந்தாவது, ஹிட்ச்சின்மீது செங்குத்தாக எவ்வளவு எடை அழுத்தலாம் என்ற எண். ஹிட்ச்சைச் செருகுவதற்கு டிரக்கின் பின்புறத்தில் இருக்கும் ரிசீவர் என்ற குழாயில் ஒட்டியிருக்கும் தாளில் இது இருக்கும். விளம்பரத்தில் வந்த இழுதிறன் எண் ஆறாவது. அதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

முன்பாரம் என்னும் சிறிய எண்

டிரெய்லரின் முன்மூக்கு ஹிட்ச் பந்தின்மீது அழுத்தும் எடையைக் குறிக்க முன்பாரம் என்ற சொல்லையே இங்கே பயன்படுத்துகிறேன். வண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு முன்பாரமும் பின்பாரமும் விளக்கம் தேவைப்படாத சொற்கள். வட அமெரிக்க வழக்கில், டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஐரோப்பாவில் இதைவிடக் குறைந்த சதவீதத்தில், குறைந்த வேகத்தில் இழுக்கிறார்கள். முன்பாரம் போதாவிட்டால் டிரெய்லர் பின்னால் வாலாட்டத் தொடங்கும்; மிகுந்துவிட்டால் டிரக்கின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பிடி தளரும்.

3,500 கிலோ இழுக்கும் என்று சொல்லப்படும் பல பிக்கப்களுக்கு ஹிட்ச் வரம்பு 350 கிலோ. அதாவது சரியாக 10 சதவீதம். முழு எடையை இழுத்தால் முன்பாரத்தைக் கொஞ்சம் கூட்டி நிதானமாகப் போவதற்கு இடமே இல்லாமல், பாதுகாப்பான அளவின் கீழ்விளிம்பில்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

இந்த 350 கிலோ பின் அச்சை என்ன செய்கிறது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் பலரும் கணக்கில் தவறுவது இங்கேதான். ஹிட்ச் பந்து பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை. அதற்கு ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் இருக்கிறது. எனவே வண்டி சிறுவர்கள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகை போல நடந்துகொள்கிறது: பின் அச்சு தாங்குபுள்ளியாகி, பின்னால் அழுத்தும் எடை முன்புறத்தைத் தூக்குகிறது. முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 3.2 மீட்டர் என்றும், பின் அச்சிலிருந்து பந்து 1.28 மீட்டர் பின்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி 3.2 ஆல் வகுத்தால் 1.4 வருகிறது. பந்தின்மீது ஒரு கிலோ அழுத்தினால் பின் அச்சில் 1.4 கிலோ ஏறுகிறது. முன் அச்சிலிருந்து 0.4 கிலோ இறங்குகிறது. 350 கிலோ முன்பாரம் பின் அச்சில் 490 கிலோவாக விழுகிறது. திசை திருப்பும் முன்சக்கரங்கள் 140 கிலோவை இழக்கின்றன. பின்தளத்தில் அச்சுக்கு நேர் மேலே வைத்த சிமென்ட் மூட்டையும், பந்தின்மீது அழுத்தும் அதே எடையும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே காரணம்.

ஒரு வண்டியை வைத்துக் கணக்கிடுவோம்

எளிமைக்காக ஒரு கற்பனை டிரக்கை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் இந்த வகை வண்டிகளுக்கு இயல்பானவையே. வெற்று எடை 2,150 கிலோ, மொத்த வாகன எடை வரம்பு 3,050 கிலோ, கூட்டு எடை வரம்பு 5,850 கிலோ, பின் அச்சு வரம்பு 1,800 கிலோ, ஹிட்ச் வரம்பு 350 கிலோ, விளம்பர இழுதிறன் 3,500 கிலோ. அச்சுத் தூரங்கள் மேலே சொன்னவையே.

கூட்டு எடை வரம்பிலிருந்து 3,500 கிலோவைக் கழித்தால் டிரக்குக்கு மிஞ்சுவது 2,350 கிலோ. வெற்று எடை 2,150 போக, ஆட்களுக்கும் பொருள்களுக்கும் சேர்த்து 200 கிலோதான் இருக்கிறது. இருவரும் அவர்களுடைய பைகளும் ஏறினால் அது தீர்ந்தது. இத்தனைக்கும் அந்த டிரக்கின் சுமையளவு 900 கிலோ என்று தனியாக விளம்பரம் செய்திருப்பார்கள். இரண்டு எண்ணும் தனித்தனியே உண்மை. இரண்டையும் ஒரே பயணத்தில் பயன்படுத்த முடியாது என்பதை மட்டும் யாரும் பெரிய எழுத்தில் எழுதுவதில்லை.

இப்போது உண்மையான பயணம் ஒன்றுக்கு ஏற்றுவோம். பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் சேர்ந்து 240 கிலோ. பின்தள மூடி 60 கிலோ, ஹிட்ச் அமைப்பு 30 கிலோ, கருவிகளும் குளிர்பெட்டியும் பயணப் பைகளும் 120 கிலோ. மொத்தம் 450 கிலோ. டிரக்கின் எடை 2,600 கிலோ ஆகிறது. கூட்டு எடை வரம்பின்படி டிரெய்லருக்கு மிஞ்சுவது 3,250 கிலோ. விளம்பர எண்ணிலிருந்து முதல் 250 கிலோ போயிற்று.

அடுத்தது சுமையளவு. 900 கிலோவில் 450 போக இன்னும் 450 இருக்கிறது. ஹிட்ச் வரம்பு 350 தான் என்பதால் இங்கே சிக்கல் இல்லை. ஆனால் முன்பாரத்தை 12 சதவீதமாக வைத்துக்கொள்ள விரும்பினால், 350 கிலோவை 0.12 ஆல் வகுக்க 2,917 கிலோ வருகிறது. அதைவிடக் கனமான டிரெய்லருக்கு 12 சதவீத முன்பாரம் வைத்தால் ஹிட்ச் வரம்பு உடையும்.

கடைசியாகப் பின் அச்சு. இந்தச் சுமையோடு, டிரெய்லர் இல்லாமல், பின் அச்சை மட்டும் எடை மேடையில் ஏற்றிப் பார்த்ததில் 1,330 கிலோ என்று வைப்போம். வரம்புக்கு 470 கிலோ மீதி. அதை 1.4 ஆல் வகுத்தால் பந்தின்மீது ஏற்றக்கூடியது 335 கிலோ. 12 சதவீதக் கணக்கில் டிரெய்லரின் மொத்த எடை ஏறத்தாழ 2,790 கிலோ. இந்த வண்டியில், இந்தக் குடும்பத்தோடு, இந்தச் சாமான்களோடு இதுதான் உச்சம். மலையேற்றம், வெயில், எதிர்க்காற்று ஆகியவற்றுக்காக இதிலும் 10 முதல் 15 சதவீதம் ஒதுக்கிவைப்பது என் பழக்கம். ஆக, 2,400 முதல் 2,500 கிலோ வரை என்பதே நான் மனநிறைவோடு சொல்லக்கூடிய எண்.

வட அமெரிக்கக் கணக்கில் சுமையளவே பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோகும். ஒட்டுத்தாளில் 1,240 பவுண்டு சுமையளவு போட்ட டிரக் 7,500 பவுண்டு டிரெய்லரை இழுக்கிறது என்றால், 12 சதவீத முன்பாரம் 900 பவுண்டு. மிஞ்சும் 340 பவுண்டில் இரண்டு பெரியவர்கள் அமரலாம். நாயைக்கூட வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். முன்பாரம் 15 சதவீதம் ஆனால் 1,125 பவுண்டு போய்விடும். மீதி 115 பவுண்டில் ஓட்டுநருக்கே இடமில்லை.

டிரெய்லரின் எடையில் ஏமாறாதிருக்க

டிரெய்லர் விற்பவர் சொல்லும் எடை பெரும்பாலும் காலி எடை. அதை டிரக்கின் இழுதிறனோடு ஒப்பிடுவது, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துப் பார்த்து, தண்ணீரோடு தூக்க முடியும் என்று முடிவு செய்வதைப் போன்றது. தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. 90 லிட்டர் தொட்டி இரண்டு இருந்தால் 180 கிலோ அங்கேயே ஏறிவிட்டது. 9 கிலோ எரிவாயு பிடிக்கும் சிலிண்டர், உருளையின் எடையோடு சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். படகு டிரெய்லரில் 100 லிட்டர் பெட்ரோல் சுமார் 75 கிலோ. மின்கலம், மேற்கூரைத் தாழ்வாரம், பாத்திரங்கள், படுக்கை, உணவு என்று சேர்த்துக்கொண்டே போனால், தங்கும் வசதியுள்ள டிரெய்லரில் 350, 400 கிலோ கூடுவது சாதாரணம். எனவே மேலே சொன்ன கற்பனைக் குடும்பம் சந்தையில் தேட வேண்டியது, காலி எடை ஏறத்தாழ 2,000 முதல் 2,100 கிலோவுக்குள் இருக்கும் டிரெய்லரை. 3,500 என்ற எண்ணிலிருந்து நாம் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறோம் என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் பாதுகாப்பான வழி, டிரெய்லரின் தகட்டில் உள்ள அதன் அதிகபட்ச எடை வரம்பையே கணக்கில் எடுத்துக்கொள்வது. பயணத்துக்குப் பயணம் சாமான் கூடும். நிறையும் இடம் இருந்தால் நிறைந்தே தீரும்.

வீட்டிலும் எடை மேடையிலும் அளப்பது

முன்பாரத்தை அளக்கத் தனிக் கருவிகள் கிடைக்கின்றன. அது இல்லாவிட்டால், ஆள் எடை பார்க்கும் சாதாரணத் தராசு போதும். ஆனால் 300 கிலோவை அதன்மீது நேரடியாக இறக்கினால் அது நொறுங்கும் என்பதால் நெம்புகோல் முறையைக் கையாள வேண்டும். சமதரையில் ஒருபக்கம் செங்கற்களும், மறுபக்கம் தராசும் ஒரே உயரத்தில் வருமாறு வைத்து, அவற்றின்மேல் வலுவான கட்டையைக் குறுக்கே போடுங்கள். கட்டையைத் தாங்கும் இரு புள்ளிகளுக்கும் இடையே சரியாக மூன்று அடி இருக்கட்டும். கட்டை மட்டும் இருக்கும்போது தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிரெய்லரின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் முட்டுக்கொடுத்து, செங்கல்லிலிருந்து ஓர் அடி தூரத்தில் கட்டையின்மீது டிரெய்லரின் மூக்கு உட்காருமாறு மெதுவாக இறக்குங்கள். தராசில் விழுவது மூன்றில் ஒரு பங்கு. கட்டைக்காக முன்பு குறித்த எண்ணைக் கழித்து மூன்றால் பெருக்கினால் முன்பாரம் கிடைக்கும். டிரெய்லர் சாய்ந்து நின்றால் எண் மாறும். ஹிட்ச் பந்தின் உயரத்திலேயே அதை மட்டமாக வைத்து அளக்க வேண்டும்.

எடை மேடையில் இன்னும் தெளிவாகத் தெரியும். பயணத்துக்குப் புறப்படும் நிலையிலேயே, ஆட்கள் அமர்ந்திருக்க, எரிபொருளும் நிரம்பியிருக்கப் போக வேண்டும். முதலில் டிரக்கைத் தனியாக ஏற்றி மொத்த எடையையும், பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி பின் அச்சின் எடையையும் எடுங்கள். பிறகு டிரெய்லரைப் பூட்டி, டிரக்கின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க ஓர் எடை. அதன் பின் டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் இருக்க ஓர் எடை. டிரக் தனியாக 2,600, பூட்டிய பின் 2,905, டிரெய்லர் சக்கரங்களில் 2,130 என்று சீட்டுகள் வந்தால், 2,905 இலிருந்து 2,600 போக முன்பாரம் 305 கிலோ. டிரெய்லரின் மொத்த எடை 2,130 உடன் 305 சேர்த்து 2,435 கிலோ. முன்பாரம் 12.5 சதவீதம். கூட்டு எடை 5,035 கிலோ; வரம்பு 5,850. பின் அச்சில் 1,330 உடன் 427 சேர்ந்து 1,757 கிலோ, வரம்பு 1,800. எல்லாம் அடங்குகிறது, பின் அச்சில் மட்டும் மூச்சுவிட அதிக இடமில்லை. இந்த நிலையில் கருவிப்பெட்டியைப் பின்தளத்தின் கடைசியிலிருந்து கேபினை ஒட்டி நகர்த்துவதே நல்ல பலன் தரும்.

சங்கிலியின் பலவீனமான கண்ணி

டிரக் தாங்கினால் மட்டும் போதாது. ரிசீவர், பந்தைத் தாங்கும் தண்டு, பந்து, பந்தின்மேல் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும் டிரெய்லரின் கப்ளிங் என ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு. பந்தின் உச்சியிலேயே அதன் வரம்பு பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றுள் மிகக் குறைந்த எண் எதுவோ அதுவே முழு அமைப்பின் வரம்பு. பந்தின் விட்டமும் கப்ளிங்கின் அளவும் பொருந்த வேண்டும். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் பொது அளவு. வட அமெரிக்காவில் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டது, இரண்டு அங்குலம், இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டது என மூன்று அளவுகள் பழக்கத்தில் உள்ளன. சிறிய பந்தின்மேல் பெரிய கப்ளிங் உட்கார்ந்துவிடும், பூட்டியது போலவும் தோன்றும்; முதல் பள்ளத்தில் கழன்றுகொள்ளும்.

பின்புறம் தாழ்வதைக் கண்டு பலர் கூடுதல் ஸ்பிரிங்கோ காற்றுப் பையோ பொருத்துகிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் அச்சும் டயரும் சேஸும் தாங்கும் எடை ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. தாழ்வது, நிறுத்து என்று வண்டி சொல்லும் சைகை. அதை மறைத்துவிட்டு ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. முன்பாரத்தின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் திருப்பி அனுப்பும் எடைப்பகிர்வு ஹிட்ச் வேறு வகை; அது முன்சக்கரங்களுக்கு இழந்த பிடியை மீட்டுத்தரும். சில வண்டிகளில் குறிப்பிட்ட எடைக்கு மேல் அது கட்டாயம் என்பதால் கையேட்டைப் பார்ப்பது அவசியம். அதைப் பொருத்தினாலும் இழுதிறனோ மொத்த எடை வரம்போ உயராது.

டயரின் பக்கச்சுவரில் இருக்கும் சுமைக் குறியீட்டையும் ஒரு முறை பாருங்கள். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், அதுவும் உரிய காற்றழுத்தத்தில். காற்றுக் குறைந்த டயருக்கு அந்த எண் பொருந்தாது.

பிரேக், மலை, காற்று

டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இல்லையென்றால் எண்கள் எல்லாம் சரிந்துவிடும். 3,500 கிலோ இழுக்கும் அதே பிக்கப்புக்கு, பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் பெரும்பாலும் 750 கிலோதான் வரம்பு. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்த எடைக்கு மேல் டிரெய்லரில் பிரேக் இருந்தாக வேண்டும் என்பதே சட்டம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் கூட்டு எடை ஐந்து டன். டிரக் மட்டும் போவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை டிரக்கின் பிரேக் மட்டும் நிறுத்த வேண்டுமென்றால், நீண்ட இறக்கத்தில் அது சூடேறிப் பிடி இழக்கும். மின்சார பிரேக் உள்ள டிரெய்லருக்குக் கேபினில் கட்டுப்படுத்தி தேவை. இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துக்கொண்டு எஞ்சினையே வேகத்தைக் கட்டுப்படுத்தவிடுங்கள்.

உயரம் கூடக்கூடக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் இது 15 சதவீதத்தை நெருங்கும். டர்போ உள்ளவை இதை ஓரளவு ஈடுகட்டுகின்றன. காற்றின் எதிர்ப்போ எடையைப் பார்ப்பதில்லை, முகப்பைப் பார்க்கிறது. ஒரே எடையுள்ள படகு டிரெய்லரையும் பெட்டி போன்ற உயரமான டிரெய்லரையும் இழுத்தால், இரண்டாவதில் எஞ்சின் திணறும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 ஆக்கினால் அது 56 சதவீதம் கூடுகிறது.

டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால், டிரக்கின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் வெட்டுவதும் கை தானாகச் செய்யத் துடிக்கும் தவறுகள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கட்டுப்படுத்தியில் கையால் மெல்ல அழுத்தினால், டிரெய்லர் இழுபட்டு நேராகும். வண்டி நின்ற பின் கனமான சாமான்களை டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தி, முன்பாரத்தை மீண்டும் அளந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

எடை மேடைச் சீட்டுகளைக் கையேட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். புதிதாக ஒரு மூடியோ, முன்தடுப்போ, இரண்டாவது மின்கலமோ பொருத்தும் நாளில் அதன் எடையைச் சீட்டின் ஓரத்தில் எழுதிக் கழித்துக்கொண்டு, அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் மறுபடியும் மேடையேறிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.